முதல் கரண்டி

வாயைத் திறங்கள் என்று சொல்ல சந்திரகலாவுக்கு நா எழவில்லை.

கையில் மார்ஃபின் ஊற்றிய கரண்டி. கட்டிலில் அவள் புருஷன் இராமலிங்கம் தலையணையைக் கடித்தபடி முனகிக்கொண்டிருந்தார். செந்தூல் ரயில் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன். புற்றுநோய் அவரை எலும்பும் தோலுமாக்கிவிட்டது.

காலையில்தான், பிழைக்க வழியில்லாத நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் ஹோஸ்பிஸ் நர்ஸ் மார்க்கிரட் வந்து இந்த மருந்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இது வலியை அடக்கும், ஆளைக் கொல்லாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். யார் காதில் ஏறியது? ஹோஸ்பிஸ்காரர்கள் படியேறிய வீட்டில் அடுத்துச் சங்குதான் என்று அந்த வரிசை வீடுகள் மொத்தமும் நம்பின.

சந்திரகலாவும்தான் நம்பினாள்.

“அண்ணி, அது உள்ள போனா அண்ணன் முழிக்கவே மாட்டாருலா! உங்க கையாலயா குடுக்கப் போறீங்க?” கொழுந்தன் நாகையா வாசற்படியில் நின்று தேம்பினான்.

என் கையால்தான். வேறு யார் கையால் கொடுப்பது? பட்ட பாடு போதும். பாவம் வந்தால் என் தலையோடு போகட்டும்.

கரண்டியை அவர் உதட்டில் வைத்தாள். அவர் அவளையே பார்த்தார். ஒரு சொட்டு சிந்தாமல் விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

நேரம் போகப் போக முனகல் தேய்ந்தது. பிறகு நின்றே போனது.

மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கவும் அவளுக்குத் துணிவில்லை. அடிப்பாவி, கட்டினவனைக் கொன்றுவிட்டாயே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

நாகையா சமையல்கட்டுக்கு ஓடினான். கடைசிப் பால் ஊற்றாமல் அண்ணனை அனுப்ப முடியுமா? டம்ளரோடு வந்து, அவர் வாயில் ஒரு சொட்டு விட்டான்.

தொண்டை அசைந்தது.

ஐயோ, விழுங்குகிறார்!

இராமலிங்கம் மெல்லக் கண் திறந்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. வலி இல்லாத அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! நாகையா டம்ளரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அவர் கூரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“நான் இன்னும் போகலையா புள்ள? நீ குடுக்கிறியேன்னுதான் குடிச்சேன்.”