இரண்டாம் மாடி வாசனை

கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாக லோதாருக்கு ஒரு நரைத்த கொண்டை மட்டும் தெரிந்தது. மேல் வீட்டு ஃப்ராவ் ஐசலே மண்டியிட்டு, கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்திருந்தார். கையில் ஒப்புக்கு ஒரு ஈரத் துணி.

படிக்கட்டு துடைக்கும் முறை யாருடையது என்று காட்டும் பலகை இந்த வாரம் லோதார் வீட்டுக் கதவில்தான் தொங்கியது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் அடுத்தவர் முறைக்கு யாரும் துடைக்க வரமாட்டார்கள்.

லோதார் கதவை வெடுக்கென்று திறந்தார்.

"என்ன தேடறீங்க, ஃப்ராவ் ஐசலே?"

"படி துடைக்கறேன்." அந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் நிதானமாக எழுந்தார். "இன்னைக்கும் வருதே, ஹெர் ரைஃப். நேத்தைவிடத் தூக்கலா."

"எனக்கும் மூக்கு இருக்கு!"

"தெரிஞ்சா சரி." திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மாடியேறிப் போனார்.

லோதார் கதவை அறைந்து சாத்திவிட்டு மனைவியிடம் திரும்பினார். "பார்த்தியா எல்கே? மோப்பம் பிடிக்க வந்திருக்கா. நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டதும் இவளாத்தான் இருக்கும்!"

குடியிருப்பு நிர்வாகம் அனுப்பிய கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. படிக்கட்டில் கஞ்சா வாடை என்று புகார். வியாழன் காலை பத்து மணிக்கு ஆள் வருவார். அப்போதும் வாடை அடித்தால், செடி வளர்க்கும் கூடாரத்தை அன்றைக்கே அகற்ற வேண்டும்.

ஆளுக்கு மூன்று செடி வரை வீட்டில் வளர்க்கச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. லோதார் மூன்றுக்கு மேல் ஒன்றுகூட வைக்கவில்லை. அக்கி வந்து போனதிலிருந்து எல்கேயின் முதுகில் நரம்பு வலி தங்கிவிட்டது. போன அறுவடை தீரும்வரைதான் அவர் ஒழுங்காகத் தூங்கினார். இந்தச் செடிகளை அறுக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

லோதார் செய்யாத வைத்தியம் இல்லை. சின்ன அறையில் அலமாரி உயரத்துக்கு நின்ற கறுப்புக் கூடாரத்தின் தையல் முழுக்க நாடா ஒட்டினார். உள்காற்றை இழுத்து வெளியேற்றும் மின்விசிறியை மாற்றினார். வாசனையைப் பிடித்து வைக்கும் கரி வடிகட்டியைப் புதிதாக வாங்கி மாட்டினார். வாசனை மட்டும் அசையவில்லை.

"ட்ராம் பட்டறையில முப்பத்தெட்டு வருஷம்! எந்த மோட்டாரும் என்னை இப்படிப் படுத்தினதில்லை."

"எந்த மோட்டாருக்கும் நீ இப்படிச் சேவகம் பண்ணினதில்லை," என்றார் எல்கே. "அது கிடக்கட்டும். காலையில துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். நம்ம வாசலைவிட மேல் படியிலதான் வாசனை கூட."

"சூடான காத்து மேலதானே போகும்? பள்ளிக்கூடம் போனியா இல்லையா?"

புதன்கிழமை மாலை ஆறு மணி. லோதார் வழக்கம்போல வீட்டு ஜன்னல்களை எல்லாம் அகலத் திறந்தார். அப்படியே சின்ன அறைக்குப் போய்க் கூடாரத்தின் ஜிப்பையும் மேலிருந்து கீழ்வரை இழுத்தார். குளிர்காற்று சுழன்றடித்தது.

போர்வையைச் சுற்றிக்கொண்டு எல்கே எட்டிப் பார்த்தார். "என்ன பண்றே?"

"காத்தாட விடறேன். காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்."

"கூடாரத்தையுமா?"

"செடி மூச்சு விட வேண்டாமா? தினமும் ரெண்டு தடவை காத்தாட விடணும்னு வாடகை ஒப்பந்தத்துலயே இருக்கு!"

"அது வீட்டுக்கு, லோதார். செடி எங்கே கையெழுத்துப் போட்டுச்சு?"

லோதார் ஜன்னலையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னல் வழியே வந்த காற்று, திறந்த கூடாரத்துக்குள் புகுந்து, வாசனையை வாரிக்கொண்டு வாசல் கதவின் இடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மின்விசிறியும் கரியும் சும்மா வேடிக்கை பார்த்தன.

"நாலு மாசமா..." என்றார் நாற்காலியில் சரிந்து.

"ஆமா. நாலு மாசமா நீயேதான், காலையிலயும் சாயங்காலமும்."

ஜிப்பை மூடியதும் கூடாரத்தின் சுவர்கள் உள்வாங்கி இறுகின. அதன்பிறகு ஜன்னல் பக்கம் போகாமல் இருக்க அவர் பட்ட பாடு, எல்கேயின் முதுகு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

வியாழன் காலை பத்தாகப் பத்து நிமிடம். லோதார் வெளியே போய், தன் வீட்டுக் கதவின் முன் தானே மண்டியிட்டு இடுக்கில் மூக்கை வைத்தார். காபி வாசனை. வேறு ஒன்றும் இல்லை!

எழுந்து திரும்பினால், எதிரே ஃப்ராவ் ஐசலே. முகம் வெளிறியிருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க, ஹெர் ரைஃப்? நேத்து ராத்திரியிலேருந்து உங்க வீட்டு வாசனையே இல்லையே!"

"நிறுத்திட்டேன்! வேணும்னா நல்லா மோந்து பாருங்க. இனிமே புகார் எழுத உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"எழுதினது நான் இல்லை, முதல் மாடிக்காரன். நான் போய் எழுதுவேனா?"

கீழே தெருக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஃப்ராவ் ஐசலே அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கூடாரத்தைக் கொஞ்சம் திறந்து விடுங்க. அஞ்சே நிமிஷம்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? இன்னும் சில நாள்ல அறுக்கப்போறேன். அந்த ஆளு வர்ற நேரத்துலயா திறப்பேன்?"

"அவர் இங்கேயே நின்னுட்டா போதும். மேல ஏறி வந்துடக் கூடாது."

"ஏன்?"

காலடிச் சத்தம் முதல் மாடியைத் தாண்டியது. ஃப்ராவ் ஐசலே அவர் காதருகே குனிந்தார்.

"எங்கிட்ட ஏழு செடி இருக்கு!"