சானாவில் ஒரு புளுகர்

"அந்த ஆளை உள்ள விடாதீங்கம்மா. இல்லேன்னா நான் வேற ஜிம் பார்த்துக்கறேன்."

எடைக்காரர் இப்படிச் சொன்னதும், ஜிம் நடத்துகிற அம்மாள் துண்டு மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மச்சினர்தானே சார்? அப்படி என்ன செஞ்சுட்டார்?"

"பேசுறான்."

எடைக்காரர் லாரி எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். லாரி ஏறும் சத்தத்திலேயே எடையைச் சொல்லிவிடுவார். டிரைவர் அன்றைக்கு முடி வெட்டியிருந்தால் அதையும் கழித்துக்கொண்டு சொல்வார் என்று ஒரு பேச்சு உண்டு, பாதியை நம்பலாம். வீட்டுக்கு வருகிற மச்சினரை "வா" என்பதற்கு முன்னால் "தொண்ணூற்றாறு" என்பார். சரியாக இருக்கும்.

மச்சினருக்கு மெத்தைக்கடை. வாய்தான் முதலீடு.

போன வருஷம் எடைக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, சரிசெய்து அனுப்பினார்கள். "சைக்கிள் மெதுவா மிதிக்கலாம், ஆனா துடிப்பு எகிறக் கூடாது" என்றார் டாக்டர். இந்த ஜிம்மில் இன்ஃப்ராரெட் சானா என்று ஒரு மர அறை. ஆவி கிடையாது, சுவர்த் தகடுகளிலிருந்து சூடு நேராக உடம்பில் இறங்கும். உள்ளேயே ஒரு சைக்கிள். அங்கே சும்மா உட்கார்ந்தாலே நெஞ்சு நடை போடும், மிதித்தால் ஓட ஆரம்பிக்கும். துடிப்பைப் பார்க்க மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச், சூடு தாங்காமல் இரண்டாம் நாளே கண்ணை மூடிக்கொண்டது.

வீட்டம்மா போக வேண்டாம் என்றார். ஆனால் அங்கே மிதித்துவிட்டு வந்தால்தான் எடைக்காரருக்கு முழங்கால் மடங்குகிறது, தூக்கம் வருகிறது. அவராவது விடுவதாவது.

வாட்ச் போன அந்த வாரத்திலிருந்துதான் மச்சினரும் வர ஆரம்பித்தார். மிதிக்க அல்ல. சைக்கிளுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் சாய்ந்துகொண்டு அளந்துவிட.

"மாமா, நேத்து ஒரு சர்க்கஸ் யானை கடைக்குள்ள வந்து மெத்தையில படுத்துச்சு. எழுந்து போனப்புறம் பார்த்தா ஒரு பள்ளம் இல்லை. யானை எடை முந்நூறு கிலோ."

"பிறந்த குட்டியே நூறு கிலோ இருக்கும்டா. முந்நூறுல எங்கேயிருந்து வந்துச்சு சர்க்கஸ் யானை?"

"அது டயட்ல இருக்கு மாமா."

தினமும் இதே பாடு. சில நாள் எடைக்காரர் வேகமாக மிதித்துக்கொண்டே, "பொய்... வாயை... மூடு" என்பார். உடனே மச்சினருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

"ஐயோ மாமா, காலு. இறங்குங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க."

சுகமாக வேர்க்கிற நேரம் பார்த்து அந்தத் தடியனைத் தாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். மனுஷனுக்கு எரிச்சல் வருமா, வராதா?

ஜிம் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க பதில் சொல்றதாலதான் சார் அவர் பேசுறார். ஒரு நாள் பேசாம இருந்து பாருங்க. தானா ஓய்ஞ்சிடுவார்."

நல்ல யோசனையாகப் பட்டது.

அன்று எடைக்காரர் உதட்டைப் பூட்டிக்கொண்டு மெதுவாக மிதித்தார். பின்னாலிருந்து யானை வந்தது. போனது. பதில் இல்லை.

"மாமா, கடைக்கு ஒரு லாரி இரும்புக் கட்டில் வந்துச்சு. மொத்தமே நாற்பது கிலோ."

எடைக்காரருக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டார்.

"மாமா?"

மிதித்தார்.

"மாமா, ஒரு கிலோவுக்கு எண்ணூறு கிராம்தானே?"

முப்பது வருஷத்தில் இப்படி ஒரு அநியாயத்தை அவர் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது. யாரோ அவரைச் சீட்டிலிருந்து மெத்தையைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டித் தூக்கினார்கள். கண்ணைத் திறந்தால் வெளியே பெஞ்சில் கிடக்கிறார். மச்சினரின் இரண்டு விரல் அவர் கழுத்தில்.

"விடுடா. எனக்கு ஒண்ணும் இல்லை."

"அப்ப ஏன் மாமா பதில் சொல்லலை?"

"நீ ஓயறியான்னு பார்த்தேன்."

மச்சினர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வாட்ச் போனதும் அக்கா... டாக்டர்கிட்ட போய் அழுதா மாமா. மூச்சு வாங்காம ஒரு வாக்கியம் முழுசாப் பேசினா நெஞ்சு அளவா ஓடுது... பேச்சு உடைஞ்சா இறக்கிடுங்கன்னார். உங்களைப் பேசுங்கன்னா பேசுவீங்களா? யாராவது எடையைத் தப்பாச் சொன்னாத்தான்... வாயே திறக்கும்."

"அப்ப அந்தக் கால் பிடிக்கிறது?"

"உங்க பேச்சு உடையறப்ப பிடிக்கும்."

எடைக்காரர் எதிரே இருப்பவரை ஏற இறங்கப் பார்த்தார். ஜிம் அம்மாள் ஓடிவந்து கொடுத்த தண்ணீரைத் தான் குடிக்காமல் அவரிடம் நீட்டினார்.

"உன் பேச்சும்தான்டா மூணு இடத்துல உடைஞ்சுது. என்னைத் தூக்கினதுக்கே இந்த வாங்கு வாங்குது. நாளைக்குப் போய் அந்த டாக்டரைப் பாரு. அவர் சரின்னா, பாதி நேரம் நீ மிதி."

"நான் மிதிச்சா பேசுறது யாரு மாமா?"

அடுத்த வாரம் சைக்கிளில் மச்சினர், பலகையில் எடைக்காரர். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பது வருஷம் ஒரு கிலோவைக்கூட மாற்றிச் சொல்லாத மனுஷர், தன் முதல் பொய்யைச் சொன்னார்.

"நம்ம மாப்ளை எடை என்ன, மிஞ்சிப்போனா அறுபத்தெட்டு இருக்கும்."