மூடி திறக்காத பாட்டில்

குரங்கணியில் இருக்கும் அனுசியாவின் வீட்டுக்குத் தாரணி வந்தது அதுதான் முதல் தடவை. இருவரும் பல்கலைக்கழகத்தில் சமூகநீதியும் பண்பாட்டு ஆய்வும் ஒன்றாகப் படிக்கிறவர்கள். விடுதியில் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

அனுசியாவின் அம்மா குருவம்மாள் மகளுக்கும் கணவருக்கும் டம்ளரில் டீ கொடுத்தார். தாரணிக்கு மட்டும் கடையில் வாங்கிய கூல்டிரிங்க் பாட்டில்.

தாரணிக்கு முகம் சுண்டிப் போனது. தனி டம்ளர் பற்றி வகுப்பில் எவ்வளவோ பேசியிருக்கிறாள். அது தன் கைக்கே வரும் என்று நினைக்கவில்லை.

“எனக்கும் டீயே குடுங்கம்மா.”

“வேணாம் தாயி. இதக் குடிங்க.”

“யம்மா, அவளுக்கு மட்டும் என்ன தனியா?” அனுசியா எரிந்து விழுந்தாள்.

“நீ சும்மா இருடி.”

“சொல்லுங்கம்மா. நான் உங்க டம்ளர்ல குடிச்சா என்ன ஆயிரும்?”

குருவம்மாள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது தாயி. எங்க வீட்டு டீயக் குடிச்சது தெரிஞ்சா, உங்கப்பா நாளைக்கு என்னைய அவரு ஏலக்காத் தோட்டத்துக்குள்ள வேலைக்கு விடமாட்டாரு. மூடி தெறக்காத பாட்டிலுன்னா உங்க வீட்ல ஒண்ணும் சொல்லமாட்டாக. அந்தா, உங்க டிரைவரு ஜீப்புக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே இருக்காரு.”

அனுசியா தலை குனிந்தாள்.

தாரணி பாட்டிலை எடுத்தாள். ஜீப்பிலிருந்து நன்றாகத் தெரியும்படி வாசலில் வந்து நின்று, மூடியைத் திருகி, கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள்.