பழைய அட்டைக்கு மட்டும்

“பையனைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே, ஓர்யேம் அம்மா?”

கல்லுடைத்துக் காய்த்துப்போன கையில் மருந்து அட்டையைப் பிடித்தபடி நின்றாள் லன்யேரோ. ஏழு மைல், அவனால் நடக்க முடியாது என்றாள்.

செவிலியன் கொமகேச் நிமிரவில்லை. அவளுக்கு முன்னால் நின்றவளை இப்போதுதான் வெறுங்கையோடு அனுப்பியிருந்தான். தன் மகனுக்குப் புதிதாகத் தலையாட்ட வியாதி வந்திருப்பதாக அழுதாள் அவள். வியாதி நின்றுபோனதாக மேலே முடிவுகட்டிவிட்டார்கள், பழைய அட்டைக்கு மட்டும்தான் மாத்திரை, புதுப் பேர் எழுதினால் என் வேலை போகும் என்று சொல்லிவிட்டான்.

“இந்த மாசம் எத்தனை தடவை விழுந்தான்?”

“நாலு. களியைக் கண்டாலே தலை ஆடுது. ஒருவாட்டி அடுப்புலயே கையை வச்சிட்டான்.”

எதனால் வருகிறது என்று எட்டு வருஷமாகக் கேட்டதையே மறுபடியும் கேட்டாள். தெரியாது என்றான். தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்து ரத்தம் எடுத்துப் போனவர்கள்? அவர்களுக்கும் தெரியாது.

“‘தெரியாது’ன்னு சொல்ல எனக்கும் தெரியும், டாக்டர். எனக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு குடுங்க.”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். லன்யேரோ சிரிக்கவில்லை. குனிந்து மேசையில் கையூன்றினாள்.

“மாத்திரை குடுத்தா நாள் முழுக்கத் தூக்கம். உலுக்கினாலும் எந்திரிக்கிறதில்ல. பயமா இருக்கு.”

“பதினாலு வயசுப் பையனுக்கு இதுதான் அளவு.”

“இளைச்சிட்டான்.”

“எத்தனை கிலோ இருப்பான்?”

தராசை அவள் எங்கே கண்டாள்? தினமும் தலையில் சுமப்பதைத்தான் சொல்லத் தெரிந்தது. “ஒரு ஜல்லிக் கூடை கனம் இருக்கும்.”

அது பதினாலு வயசுக் கனம் இல்லை. கொமகேச் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தான். அட்டையைப் பிடுங்கிக்கொள்வான் என்றே நினைத்தாள்.

அவன் மாத்திரைகளைத் தாளில் மடித்தான். அட்டையில் ஓர்யேம் என்ற பேருக்கு நேராகத் தேதி போட்டான். பிறகு, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்:

“காலையில பாதி, ராத்திரி பாதி. சின்னவளுக்கு அது போதும்.”

ஓர்யேமைப் புதைத்து மூன்று மாதமாகிறது. அவன் தங்கை பிலோயாவின் பேர் எந்த அட்டையிலும் இல்லை.