முழுப் பெரட்டு

இசபெல் சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. பொய் சொல்கிற பெண் இல்லை அவள். ஆனாலும் அதில் இரண்டு இடங்கள் எனக்கு நெருடிக்கொண்டே இருந்தன.

ஹட்டனில் நான் படிப்பிக்கும் தனியார் கெம்பஸில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு, வசதியில்லாத பிள்ளைகளின் படிப்புக்குப் போகும். யார் யாருக்குப் போகிறது என்பது டைரக்டருக்கும், அலுவலகத்தில் இருக்கும் இசபெலுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவள் சொல்லும் அந்தப் பெற்றோர் கூட்டம் நடந்த அன்று நான் பூண்டுலோயாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். ஆகவே நடந்ததெல்லாம் இசபெல் சொல்லித்தான் தெரியும்.

மண்டபம் நிறையப் பெற்றோரும் பிள்ளைகளும். டைரக்டர் அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பற்றிச் சொல்லி முடித்ததும் கந்தப்பன் எழும்பினாராம். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். பக்கத்தில் மகன் லோஜன்.

"சார், நாங்க வாயக் கட்டி வயித்தக் கட்டிக் குடுக்குற காசு. அது யாருக்குப் போகுதுன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

"அதெல்லாம் வெளியில சொல்றதில்லைங்க."

"ஏன் சொல்றதில்ல? வாங்குற பிள்ளைக கொஞ்சம் எழும்பி நிக்கட்டும். மொகத்தையாவது பாத்துக்கிறோம்!"

பின்னால் கைதட்டல்.

"சரியாச் சொன்னீங்க முதலாளி!"

"நிக்கட்டும் சார், நிக்கட்டும்!"

டைரக்டர் பயந்த சுபாவம். அடுத்த வருடம் பிள்ளைகள் சேர்வது குறைந்துவிடுமோ என்ற கவலை அவருக்கு. "இசபெல், அந்தப் பேர்களைக் கூப்பிட்டிருங்க" என்று மைக்கை நீட்டிவிட்டார்.

உடனே கந்தப்பன், "பரவாயில்ல சார், விடுங்க. சும்மாதான் கேட்டேன்" என்றாராம்.

எனக்கு நெருடிய முதல் இடம் இதுதான். அவ்வளவு சத்தம் போட்ட மனிதர் ஏன் பின்வாங்க வேண்டும்?

ஆனால் கூட்டம் விடவில்லை. "என்ன முதலாளி, பத்த வச்சுட்டு இப்ப தண்ணி ஊத்துறீங்க? கூப்பிடச் சொல்லுங்க!"

முன்வரிசையில் கிருஷாந்தி. கொழுந்து பறிக்கிற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரக் கூப்பிட்டா நாளையிலருந்து நான் படிக்க வரமாட்டேம்மா" என்று சொன்னது இசபெலின் காதில் விழுந்தது.

இசபெல் லிந்துலையில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய அப்பா வியாகுலம் கங்காணி. தினமும் காலையில் வேலையாட்களைப் பெரட்டுக்கு நிறுத்திப் பேர் கூப்பிட்டவர்.

"பேர் கூப்பிடுறதுன்னா எனக்குத் தெரிஞ்சது தோட்டத்துப் பெரட்டுதான் சார்" என்றாள் மைக்கில். "அங்க எல்லார் பேரையும் கூப்பிடுவாங்க. நாலு பேர மட்டும் தனியாக் கூப்பிட்டா, அவங்கள வேலையிலருந்து நிப்பாட்டப் போறாங்கன்னு அர்த்தம். இங்க நம்ம யாரையும் நிப்பாட்டப் போறதில்லையே?"

டைரக்டர் பதில் யோசிப்பதற்குள் அவள் எல்லாப் பிள்ளைகளின் பேரும் இருந்த வகுப்பு இடாப்பைத் திறந்து முதல் பேரைக் கூப்பிட்டுவிட்டாள். அடுத்த பேர். அதற்கும் அடுத்த பேர்.

நகைக்கடைக்காரர் மகள் யூஜினா எழும்பினாள். பஸ் முதலாளி மகன் எழும்பினான். கிருஷாந்தி எழும்பினாள், ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. லோஜனும் எழும்பினான். கடைசிப் பேரையும் கூப்பிட்டு முடித்தபோது மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெற்றோர்கள் மட்டும்தான்.

"மொகத்தப் பாக்கணும்னீங்களே, பாத்துக்கங்க. இவங்கதான் நம்ம பிள்ளைக" என்று மைக்கை வைத்தாளாம்.

"எங்கப்பாகூட இவ்வளவு பெரிய பெரட்டு பாத்திருக்க மாட்டாரு சார்." கதையை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இப்படிப் பெருமையாகச் சிரிப்பாள்.

பிறகு அந்த இரண்டாவது இடம் வரும். கூட்டம் கலையும்போது கந்தப்பன் அவள் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாராம்.

கந்தப்பனாவது, ஆபீஸில் வேலை செய்கிற பெண்ணைக் கும்பிடுவதாவது! கொஞ்சம் சோடித்துவிட்டாள் என்று நினைத்தேன். நானும் லயத்துப் பிள்ளைதான். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி இவ்வளவு செய்திருப்பாள் என்று நம்ப எனக்கே மனசு வரவில்லையோ என்றும் சில நாள் யோசித்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை புதிய மாணவர்களை வரவேற்கும் விழா. பேச வந்திருந்தவன் லோஜன். இப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளர். முன்வரிசையில் நரைத்த தலையோடு கந்தப்பன். நானும் இசபெலும் கதவோரம் நின்றோம்.

"நான் இங்க முதல் வருஷம் படிக்கிறப்பவே எங்கப்பாவோட யாவாரம் முழுகிப்போச்சு" என்று தொடங்கினான் லோஜன். "கடை இருந்துச்சு, ஆனா எங்களோடது இல்ல. டவுன்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அப்பா எல்லாரையும்விடச் சத்தமாப் பேசுனாரு. அதுக்கப்புறம் நான் படிச்சதெல்லாம் மத்தவங்க கட்டுன பங்குல. இன்னைக்கு அத இவ்வளவு பேர் முன்னால நிமிந்து நின்னு சொல்றேன். ஏன்னா அன்னைக்குப் பெற்றோர் கூட்டத்துல என்னைய யாரும் தனியா எழும்பி நிக்க வைக்கல."

மண்டபமே கைதட்டியது. மகனையே பார்த்துக்கொண்டிருந்த கந்தப்பன் தலையைக் குனியவில்லை.

நான் இசபெலைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் பெருமை இருந்தது. ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை.

இத்தனை வருடமும் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"இசபெல், அன்னைக்கு அந்த மைக்கக் கையில வாங்குனப்ப யாரோட மானத்த நெனச்சீங்க? கிருஷாந்தியோடதையா, சத்தம் போட்ட கந்தப்பனோடதையா?"