டயாலிசிஸ் வேண்டாம்

புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரியில் என்னென்ன பிரிவுகள் வேண்டும் என்று மக்களிடமே கேட்கும் கூட்டம் அது. டயாலிசிஸ் பிரிவுக்கு நேரே ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தது ஒரே ஒருவர். அவரே டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர்.

“வாரத்துல மூணு நாள், போக வர நாலு மணி நேரம் பஸ்ல அல்லாடுறீங்க. வீட்டுப் பக்கத்துலயே வந்தா கசக்குதா?” என்று மனைவி பொரிந்து தள்ளினாள்.

“அந்த ஆஸ்பத்திரி எனக்குப் பழகிடுச்சு” என்றார், தரையைப் பார்த்தபடி.

திட்ட அதிகாரி சிரித்தார். “கவலைப்படாதீங்க ஐயா. அங்கேருந்தே ஒரு நர்ஸ் இங்க மாற்றல் கேட்டிருக்காங்க. காரணம் என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ‘எங்கப்பா அந்த ஊர்லதான் இருக்கார். அவர் கையில நரம்பு லேசுல சிக்காது. வேற யார் ஊசி போட்டாலும் துடிச்சுப் போயிடுவார்’னு.”

டிரைவர் இடது கையைத் தடவிக்கொண்டார்.

“யாருங்க அது?” மனைவியின் குரல் இறங்கிவிட்டது.

“நம்ம பொண்ணுதான். வாசப்படி மிதிக்காதேன்னு நான் விரட்டுனதுலேருந்து எங்கிட்ட பேச்சே கிடையாது. ஊசி குத்தும்போது மட்டும் ‘வலிக்குதா’ன்னு கேப்பா. இங்க மாத்திட்டா அந்த ஒரு வார்த்தையும் போயிடுமேன்னுதான்...”

நான்கு வருடமாக மகள் முகம் பார்க்காத தாய், அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதிகாரியிடம் திரும்பினாள்.

“ஆஸ்பத்திரியை எப்ப சார் திறப்பீங்க?”