மச்சினன் பார்த்த வண்டி

சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத மச்சினனைக் கூட்டிக்கொண்டு பழைய வண்டி பார்க்கப் போவது பேங்க் மேனேஜருக்குத் துளிக்கூடப் பிடிக்கவில்லை.

வீட்டில் ஏழு பேர். பெரிய வண்டியாக வேண்டும், என் தம்பி பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்றாள் மனைவி.

"அவனுக்கு பிரேக் எது, ஹாரன் எதுன்னே தெரியாது. நீ பேசாம வா."

மூவருமாகத் தங்கள் சின்னக் காரில் கிளம்பினார்கள்.

முதல் வீட்டு வண்டி கண்ணாடியாக மின்னியது. மேனேஜர் டயரை உதைத்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினார். மச்சினன் வண்டிப் பக்கமே திரும்பவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

வண்டிக்காரர் உள்ளே இருந்த மனைவியைப் பார்த்து, "ஏய், காதுல விழலையா? தண்ணி" என்று அதட்டினார்.

மச்சினன் நிதானமாகக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, இது வேண்டாம் என்றுவிட்டான்.

இரண்டாவது வீட்டிலும் அதே கூத்து. தண்ணீர் வரத் தாமதமானதும், ஆமையைக் கட்டிக்கிட்டு அழறேன் என்று வண்டிக்காரர் மனைவியைக் காட்டிச் சிரித்தார். மச்சினன் டம்ளரைக் காலி செய்தான். இதுவும் வேண்டாமாம்.

"உன் தம்பிக்கு பதிலா ஒரு ஒட்டகத்தைக் கூட்டி வந்திருக்கலாம்" என்றார் மேனேஜர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது வண்டியின் கதவில் நீளமாக ஒரு கீறல். நான்தான் கேட்டில் உரசிட்டேன் என்று வீட்டுக்கார அம்மா கூச்சத்தோடு சொன்னார். கேட்டு ரொம்பக் குறுகல், யார் எடுத்தாலும் உரசும் என்றார் அவர் கணவர். மச்சினன் தண்ணீர் கேட்க வாயைத் திறந்ததும் கணவரே எழுந்து போய்க் கொண்டுவந்தார்.

"மாமா, இதை முடிச்சிடுங்க."

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. மெக்கானிக்கை அழைத்துப்போய் மூன்றையும் காட்டினார். முதல் இரண்டிலும் கிளட்ச் செத்துக் கிடந்தது. கீறல் வண்டிதான் கல்லு மாதிரி இருந்தது.

அதையே வாங்கி வந்து வாசலில் நிறுத்தியதும், எப்படிடா கண்டுபிடித்தாய் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும் மாமா? வீட்டுல இருக்கறவங்களையே இப்படி விரட்டறவன், கிளட்சை மட்டும் பூ மாதிரியா மிதிச்சிருப்பான்?"

மேனேஜர் அசந்துபோனார். அவனுடைய மூளையை வாயார மெச்சிவிட்டு, சமையலறைப் பக்கம் கத்தினார்.

"ஏய், உன் தம்பி வந்து எவ்வளவு நேரமாச்சு? ஒரு காபி போட இவ்வளவு நேரமா?"

அப்புறம் குரலைத் தணித்து, நம்ம பழைய காரையும் நீயே வித்துக் கொடுத்துடேன் என்றார்.

மச்சினன் கொஞ்சம் யோசித்தான்.

"வித்துடலாம் மாமா. ஆனா பார்க்க ஆள் வர்ற அன்னிக்கு, நீங்க மட்டும் வீட்டுல இருக்காதீங்க."